வடக்கே கட்டிய படகுகள்

அந்தப் போனுக்குப் பின்மூடி நிற்காது. கருவாட்டுக்கார அக்கா இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு அதைக் கட்டி வைத்திருப்பார். பாம்பன் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து நெத்திலியும் சீலாவும் விற்பவர். நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். அது போதாதென்று சொந்தமாக ஒரு யூடியூப் சேனலும் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை கடையைக் கடந்து போனவனை நிறுத்தி, அந்தப் போனை முகத்துக்கு நேரே நீட்டினார். "ஏந்தம்பி, இதப் போட்டது நீங்கதானா?"

முந்தைய நாள் நான் ஏற்றிய வீடியோ. அக்காவின் கணவர் படகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு கரையேறுகிறார். 'பாம்பனில் கடத்தல் மூட்டையா?' என்று தலைப்பு வைத்திருந்தேன். கேள்விக்குறி போட்டுவிட்டால் பொய் சொன்ன பாவம் ஒட்டாது என்று எங்கள் தொழிலில் ஒரு நினைப்பு உண்டு. அனுப்பியவன் தெரிந்த பையன்தான், "அண்ணே, கன்பார்ம் நியூஸ்" என்றான். அடுத்த சேனல்காரன் முந்திவிடுவானே என்ற பதற்றத்தில் பத்தே நிமிடத்தில் ஏற்றிவிட்டேன். அந்த மனிதரின் வீடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு எட்டு போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை.

அக்கா திட்டியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் திட்டவில்லை. வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, விரலால் தொட்டுக் காட்டினார். "எம்புருசன் மூஞ்சிய விடுங்க. பின்னால படகெல்லாம் எங்கன கெடக்குன்னு பாருங்க. வாடை அடிக்கையில எவன் வடக்க படகு கட்டுவான்?"

பாம்பனுக்கு வடக்கிலும் தெற்கிலும் கடல். வாடைக்காற்று தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும். படகுகளையெல்லாம் தென்கடலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அன்று வாடை அடித்துக்கொண்டிருந்தது. வீடியோவில் படகுகள் வடக்கே வரிசையாக நின்றன. பல மாதங்களுக்கு முன்பு எடுத்ததை யாரோ எடுத்து வைத்திருந்து நேரம் பார்த்து விட்டிருக்கிறார்கள். "மூட்டையில கெழிஞ்ச வலை தம்பி. பொத்தறதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தாரு" என்றார் அக்கா. பாம்பனிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். எனக்கு அது கண்ணில் படவில்லையா, பட்டும் பார்க்காததுபோல் இருந்துவிட்டேனா? இன்றுவரை என்மேல் எனக்கே சந்தேகம்தான்.

வீடியோவை அன்றே அழித்தேன். வருத்தம் தெரிவித்து இன்னொன்று போட்டேன், அதைச் சீந்த ஆளில்லை. அக்காவின் கணவரைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப் போய், ஒன்றுமில்லை என்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். ஆனால் விசாரணைக்குப் போய் வந்த ஆளைப் படகில் ஏற்ற எந்த முதலாளிக்கும் மனம் வரவில்லை. கடைசியில் கொல்லத்துக்குப் போய் அங்கே படகேறினார். எனக்கு அனுப்பியவனைக் கேட்டால், "குரூப்ல வந்துச்சுண்ணே" என்றான். அடுத்த வாரமே, அவர் பாம்பனில் வழக்கமாக ஏறிக்கொண்டிருந்த படகில் இவனுடைய மச்சினன் ஏறினான். தற்செயலாகவும் இருக்கலாம். ஆதாரம் இல்லாததால் அதை நான் எங்கும் எழுதவில்லை. இந்த யோக்கியம் எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில் வந்திருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் எந்த வீடியோ வந்தாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் பின்னால் இருக்கும் தண்ணீரையும் காற்றையும் நிழலையும் பார்க்கிறேன். எல்லாம் சரியாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுகிறேன். சேனலை எப்போதோ மூடிவிட்டேன்.

போன வாரம், இந்த வருடத்து வாடை தொடங்கியபின், அக்கா கடைப்பக்கம் போயிருந்தேன். அதே போன், அதே ரப்பர் பேண்டு. "மக மாமியா வீட்டுக் குரூப்புல வந்துச்சு" என்று நீட்டினார். அதே படகுகள், அதே மூட்டை. புதிதாக அதற்கு முந்தைய நாள் தேதியைப் போட்டிருந்தார்கள். மூலையில் என் பெயர் போட்ட சேனல் முத்திரை மட்டும் அழியாமல் இருந்தது.

"பொய்யின்னு சொல்லிப் பாத்துட்டேன் தம்பி" என்றார் அக்கா. "ஒங்க பேரு போட்டிருக்குல்ல, அப்ப நெசமாத்தான் இருக்கும்ங்கிறாக."