கிணற்றுக்குள் பசி அடங்கிய நாட்கள்

திருச்சுழியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடைக்காரர் சொன்னார்: "வாத்தியாரே, அருப்புக்கோட்டைப் பருத்திக்கடை இப்ராகிம் பாய் காலையில மவுத்தாயிட்டாகளாம்." சாவு வீட்டுக்குப் போக, வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன்.

பாயைத் தெரிந்தவர்களுக்கு அவர் கடை வாசலும் தெரியும். அதை யாரும் மறைத்து நிற்கக் கூடாது. கதவு சாத்தினால் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டால், "காத்து வேணும்ப்பா" என்பதோடு சரி. நாங்கள் கிணற்றில் மாட்டிய கதை ஊருக்குத் தெரியும். உள்ளே நடந்தது தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு கோடையில், எம்.ரெட்டியபட்டிப் பக்கம் என் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தேன். ஊற்று தேடி அடியில் குகைபோலப் பக்கவாட்டில் குடைந்திருந்தார்கள். பருத்தி விஷயமாக வந்த பாய், தண்ணீர் கசிகிறது என்றதும் என்னோடு இறங்கினார். வேலையாட்கள் மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் குனிந்து உள்ளே நுழைந்ததும் கிணற்றுச் சுவர் சரிந்து குகை வாயை அடைத்துவிட்டது.

கால் நீட்ட இடமில்லை. கல்லிடுக்கில் கொஞ்சம் காற்று வந்தது. பாறையில் கசிந்த நீரை நக்கிக் குடித்தோம். பசியில் தலை சுற்றி நான் உளற ஆரம்பித்தேன். "நோம்புன்னு நெனைச்சுக்க வாத்தியாரே. தொறந்துவிட ஆளு வருவாக" என்றார் பாய்.

இரவா பகலா தெரியாத ஏதோ ஒரு பொழுதில் பசி நின்றுபோயிற்று. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அவர் மூச்சில் அளவுக்கு மீறிக் கனிந்த பழத்தின் வாடை. என் மூச்சிலும் அதே.

"பசி போச்சு பாய். அடுத்து உசுருதான்."

"ஏலே, அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி வரைக்கும் பஸ்ஸு நிக்கிற ஊரெல்லாம் வரிசையாச் சொல்லு."

சொன்னேன். தலைகீழாகவும் சொன்னேன். ஒன்றும் பிசகவில்லை.

"புத்தி பெசகலைல்ல? பெறகு என்னத்துக்குச் சாவைக் கூப்பிடுறே?"

நாள் கணக்குத் தப்பிப்போன பிறகு, பாறையில் உளி இறங்கும் சத்தம் கேட்டது. நாங்கள் செத்துவிட்டதாக முடிவு செய்து வெடிக்குக் குழி போடுகிறார்கள் என்று புரிந்தது. வெடித்தால் பாறை எங்கள் மேல்தான் இறங்கும். கத்தினோம், குரல் எழவில்லை. கல்லால் தட்டினேன். உளிச் சத்தத்தில் அது கரைந்துபோனது. பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அவுக நிறுத்துறப்பத் தட்டணும். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். இல்லேன்னா கல்லு உருளுதுன்னு நெனைப்பாக."

மாறி மாறித் தட்டினோம். உளி நின்றது. மேலே யாரோ அலறினார்: "ஏலே, உசுரோட இருக்காகடா!"

ஆஸ்பத்திரியில் எங்களைக் கவனித்த இளம் டாக்டரிடம், பட்டினியிலும் புத்தி எப்படித் தெளிந்தது என்று கேட்டேன். "மூளை சர்க்கரையில மட்டுந்தான் ஓடும்னு ரொம்ப நாளா நெனைச்சிருந்தாங்க. சாப்பாடு நின்னா ஈரல்ல இருக்குற சர்க்கரை சீக்கிரம் தீந்துரும். கொழுப்பை மூளையால நேரா எரிக்க முடியாது. ஈரல் அந்தக் கொழுப்பைக் கீட்டோன்ங்கிற பொருளா மாத்தி ரத்தத்துல விடும். நாளாக நாளாக மூளை பெரும்பாலும் அதை வச்சு ஓட்டும். பழவாடை அதோடதுதான்." அந்த வழி இல்லையென்றால், மூளைக்குச் சர்க்கரை தருவதற்காக உடம்பு தன் சதையையே வேகமாகக் கரைத்திருக்கும் என்றார்.

பாய் தன் தொப்பையைத் தடவினார். "இதைக் கொறைக்கச் சொல்லி எங்க வீட்டுல எத்தனை சண்டை!"

சிரித்தாரே தவிர, அவர் முழுதாக வெளியே வரவில்லை. ஒருமுறை மதுரையிலிருந்து திரும்பும்போது மழைக்காகப் பஸ்ஸின் படுதாக்களை இறக்கினார்கள். காரியாபட்டியில் இறங்கி நனைந்தபடி நின்றார். "நீ போ வாத்தியாரே. நான் இன்னும் உள்ளதான் கெடக்கேன்."

அன்று மாலை அவரைக் குழிக்குள் இறக்கிய பிறகு ஒவ்வொருவராக மண் போட்டார்கள். என் முறை வந்தபோது கை எழவில்லை. அவர் மகன், "இருக்கட்டும் மாமா" என்று என் பங்கையும் தானே போட்டான்.

அந்த இருட்டில் நாங்கள் முதுகோடு முதுகு சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தோம். அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் என் முதுகும் லேசாக அசையும். அந்த அசைவு இன்னும் என் முதுகில் இருக்கிறது.