மாநாட்டுக் கிழமைக் கூட்டம்

பலசரக்குக் கடை நடத்த வாயும் வேணும், காதும் வேணும்; எனக்குக் கடவுள் வாயை மட்டும்தான் தாராளமாகத் தந்திருந்தார். சுவிஸில் இன்டர்லாக்கன் ஹோட்டலொன்றில் ஏழு வருடம் சட்டி கழுவிவிட்டு, தொண்ணூற்றாறு ஆகஸ்டில் எம்மன்புரூக்கேயில் கடை திறந்தேன். கடை வைத்து அடிபட்ட சகோதரங்களே, மிச்சம் உங்களுக்கே விளங்கும்.

திறந்த கிழமை

எங்கட ஆக்களிடம் ஒரு நல்ல பழக்கம். தெரிந்தவன் கடை திறந்தால் ஒருதரமாவது போய் முகம் காட்டி, ஒரு மூட்டை அரிசியாவது வாங்காமல் விடமாட்டார்கள். அந்த வாரம் முழுக்கப் பேர்னிலிருந்து வந்தார்கள், சூரிச்சிலிருந்து வந்தார்கள். வாசலில் பிள்ளை வண்டில் நிறுத்த இடமில்லை. எனக்குத் தலை வீங்கிப்போனது.

அதே நாட்களில் அமெரிக்காவில், தேர்தலில் ஜனாதிபதியை எதிர்த்து நிற்பவரின் கட்சி மாநாடு. கடையிலிருந்த சின்ன டிவியில் பலூன் கொட்டியது. கருத்துக்கணிப்பில் அவர் ஏறிவிட்டார் என்று செய்தி வந்ததும், "ஆள் வெண்டிட்டார்!" என்று கத்தினேன். இரும்பு ஆலையில் வேலை முடிந்து வந்த மன்னார்ச் சூசை, மீன் டின்னைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணை, மாநாடு முடிஞ்ச கையோட எவரும் ஏறுவினம். உது கலியாண வீட்டுச் சனம். பந்தி முடியட்டும், பிறகு எண்ணுவம்."

பக்கத்து அறை

கடைக்குப் பக்கத்து அறை காலியாக இருந்தது. கட்டடக்காரி ஐந்து வருட ஒப்பந்தம் கேட்டாள். மூன்று நாள் மேசையில் அடித்துப் பேரம் பேசி வாடகையைக் குறைத்தேன். நிலவறையையும் சும்மா வாங்கிக்கொண்டேன். கையெழுத்து வைக்கிறதுதான் பாக்கி. கணக்குப் பிழைத்தால் உள்ள கடையும் போய், திரும்ப ஹோட்டல் சட்டிதான்.

"ரண்டு கிழமை பொறுங்கோ" என்றார் சூசை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "இரும்பு உருக்கிறவருக்கு யாவாரத்தில என்ன கதை? வெளியில போம்!" என்றேன். சூசை கோபிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்: "போறன். ஆனா வாற ஆக்களின்ர பேரை ஒரு கொப்பியில எழுதுங்கோ. ரண்டாந்தரம் வந்தவை எத்தினை பேர் எண்டு பாருங்கோ."

பேர்க் கொப்பி

அவரைப் பிழையாக்கவேண்டும் என்ற வீம்பில்தான் எழுதினேன். புதன் எழுதினேன், வெள்ளி எழுதினேன், சனி எழுதினேன். பேர்ன்காரர் திரும்பவில்லை. சூரிச்காரர் வழியில் கண்டபோது கை காட்டினார்கள். விமானத்தில் வந்த முருங்கைக்காய் பெட்டியோடு வாடியது. ரண்டாந்தரம் வந்ததெல்லாம் நடந்து வரக்கூடிய பதினொரு குடும்பம்.

இதற்கிடையில் ஜனாதிபதியின் கட்சியும் மாநாடு வைத்தது. இந்தமுறை அவர் ஏறினார். என்ர ஆள் பழைய இடத்துக்கே வந்துவிட்டார். மனைவி கொப்பியை மூடி வைத்தாள்: "இஞ்சாருங்கோ, உங்கட ஆளும் இறங்கிட்டார், உங்கட கடையும் இறங்கிட்டுது. இனியாவது அந்தச் சூசையைக் கூப்பிட்டு ஒரு தேத்தண்ணி குடுங்கோ."

பேரம் இல்லாத நாள்

நானே பேசி முடித்த பேரத்தை நானே வேண்டாமென்று சொல்லப் போவது எவ்வளவு கஷ்டம், சொல்லுங்கோ. கட்டடக்காரி முன்னால் குந்தியிருந்து, கடைக்கு வாற கூட்டம் குறைந்த கதையை, பதினொரு குடும்பத்துக் கதையை உடைந்த ஜெர்மனில் சொன்னேன். ஏசப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் ஒப்பந்தத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டாள்: "நீங்கள் கத்தாமல் கதைத்தது இதுதான் முதல் தரம். அதுக்காகவே விடுகிறேன்."

அங்கிருந்து நேரே சூசை வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். கையில் ஒரு கட்டு முருங்கைக்காயோடு வாசலில் நின்றேன். அந்த மனிசன் இல்லாவிட்டால் இன்றைக்குக் கடையுமில்லை, நானுமில்லை. அதைச் சொல்லத்தான் போனேன், முருங்கைக்காயை மட்டும் நீட்டினேன். சூசை கட்டை வாங்கி ஒன்றை வளைத்துப் பார்த்தார்: "உள்ளுக்கு வாங்கோ அண்ணை. இது மாநாட்டுக்கு முந்தினதோ, பிந்தினதோ?"

பிறகு அந்தப் பக்கத்து அறையில் ஒருவர் சப்பாத்துக் கடை திறந்தார். திறந்த கிழமை நானும் முகத்துக்காக ஒரு சோடி வாங்கினேன், அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவேயில்லை.