கடிகாரம் இறங்கிப்போன விமானம்

இருபத்தாறு வருஷம் விமானம் ஓட்டிய ஒரு மனிதருக்கு விமானத்தில் உட்காரத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய மனைவி நம்புவார். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்துவிட்டு, இனி எங்கே போனாலும் தனி வரிசையில்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டவர் அந்த அம்மாள். இறக்கையில் ஒரு தகடு அசைந்தால் போதும், பக்கத்தில் இருப்பவரின் காதுக்குள் விளக்கம் ஆரம்பித்துவிடும். தரையிறங்கும்போது, தன் முன்னால் ஏதோ பிரேக் இருப்பதுபோல இரண்டு காலையும் ஊன்றி மிதிப்பார். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைப்பார்.

கம்பெனியில் நேரில் பார்த்தால் எல்லாரும் "கேப்டன்" என்பார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும் "கடிகாரம்". அந்தப் பெயர் சும்மா வரவில்லை. விமானிகள் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்று சட்டம் உண்டு. எதிர்பாராத தாமதம் என்றால், கேப்டன் தன் பொறுப்பில் இரண்டு மணி நேரம் வரை நீட்டிக்கொள்ளலாம். அதற்கு அவரும் களைத்திருக்கக் கூடாது, கூட இருக்கும் சிப்பந்திகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தச் சலுகையைக் கடிகாரம் தன் வாழ்நாளில் ஒரு முறைகூடப் பயன்படுத்தியதில்லை. ஒரு தடவை எட்டே எட்டு நிமிஷத்துக்காக நூற்றெழுபது பேரை மூட்டை முடிச்சோடு கீழே இறக்கினார். அதில் ஒருவர், அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கெஞ்சினார்.

"சட்டம் எனக்காக எழுதினது இல்ல சார். உங்க உயிருக்காக எழுதினது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார் நம் ஆள்.

தப்பு என்று யார் சொல்ல முடியும்? யாரும் சொல்லவில்லை. சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குப் பயணியாகக் கிளம்பினார். அவருடைய ஒரே மகளுக்கு அன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பதிவுத் திருமணம். ஆடம்பரம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் ஒரு மேஜை, ஒரு பெரிய புத்தகம், பெண் தரப்பில் ஒரு சாட்சிக் கையெழுத்து. "அந்தக் கையெழுத்து நீங்கதான் போடணும்ப்பா" என்று மகள் சொல்லியிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூட விழா எதற்கும் அவர் போனதில்லை. பட்டம் வாங்கிய அன்று வேறொரு கண்டத்தில் இருந்தார். இந்த ஒன்றையாவது விட்டுவிடக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தார். மனைவி இரண்டு நாள் முன்னதாகவே போய்விட்டார். "நீங்களும் கூட வந்துடுங்களேன்" என்றதற்கு, "பதினோரு மணிக்குக் கிளம்பினா பன்னண்டரைக்கு அங்க. அதுக்கப்புறம் மூணரை மணி நேரம் இருக்கு. எனக்கே கணக்குச் சொல்றியா?" என்று கேட்டார்.

பாதுகாப்புச் சோதனையில் மீசை வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டார்கள். முந்தின நாள்வரை ஒரு முழு விமானத்தையே நம்பிக் கொடுத்தவர்கள், சீருடை இல்லை என்றதும் ஒரு கத்தரிக்கோலைக் கொடுக்க யோசித்தார்கள். ஊழியர் டிக்கெட் என்பதால், எல்லாரும் எடுத்தது போக மிஞ்சிய சீட்தான் கிடைத்தது. கடைசி வரிசை, நடு சீட், பின்னால் கழிப்பறை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர் பல்லை மட்டுமல்ல, வாலையும் தூக்கிப் பார்த்தார்.

ஜன்னலோரத்தில் ஒரு திரைச்சீலைக் கடைக்காரர். மாதம் இரண்டு தடவை விமானம் ஏறுகிறவர். கடிகாரத்தின் கால் தரையை மிதித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"முதல் தடவையா சார்? பயப்படாதீங்க. மேல போனா கொஞ்சம் குலுங்கும். காத்துல பள்ளம் இருக்கும், அவ்வளவுதான்."

காற்றில் பள்ளம் என்று ஒன்று கிடையாது என்பதை இருபது நிமிஷம் விளக்க வாய் துடித்தது. "நானும் விமானிதான்" என்று மட்டும் சொன்னார். "மகளுக்கு இன்னிக்குக் கல்யாணம். நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போடணும்."

"அடடே. அப்ப முன்னாடி போய் கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். உங்க ஆளுதானே."

பயணியாக ஏறும் விமானி முன்னால் போய்த் தலையைக் காட்டி வணக்கம் சொல்வது அந்தத் தொழிலில் பழக்கம்தான். ஆனால் இன்றைய கேப்டன் நேற்றுவரை இவருக்குப் பக்கத்தில் துணை விமானியாக உட்கார்ந்திருந்த பொடியன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து போய் அவனிடம் பல்லைக் காட்டுவதா? கடிகாரம் நகரவில்லை.

பதினோரு மணிக்கு ஒலிபெருக்கி பேசியது. சின்னக் கோளாறு, பத்து நிமிஷத்தில் சரியாகிவிடும். திரைச்சீலைக் கடைக்காரர் நிம்மதியாகச் சாய்ந்தார். கடிகாரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'பத்து நிமிஷம்' என்றால் 'எனக்கே தெரியாது' என்று அர்த்தம். அவரே எத்தனை ஆயிரம் தடவை அதைச் சொல்லியிருப்பார். பாம்பின் கால் பாம்பறியாதா?

ஒரு சக்கரத்தில் வெட்டு. மாற்றுச் சக்கரம் ஏதோ கிடங்கிலிருந்து வர வேண்டும். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டரை ஆயிற்று. தண்ணீர் கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்: "நீங்க காலையில எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீங்க?"

"நாலு மணிக்கு சார்."

போதாதா? சட்டம் விடுவது பதினொரு மணி நேரம். நாலோடு பதினொன்றைக் கூட்டினால் பிற்பகல் மூன்று. பயணம் ஒன்றரை மணி நேரம். ஆகவே ஒன்றரைக்குள் கிளம்பாவிட்டால் இந்தச் சிப்பந்திகள் இந்த விமானத்தை ஓட்டவே முடியாது. சக்கரம் இன்னும் வந்தபாடில்லை. ஒன்று பத்துக்குத் தலைமைப் பணிப்பெண் ஒவ்வொரு சிப்பந்தியிடமும் போய் ஏதோ கிசுகிசுத்துவிட்டு விமானியறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். கடிகாரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இனி எல்லாரையும் இறக்கப் போகிறார்கள். அறிவிப்பு வந்தால் அத்தனை பேரும் அடித்துப் பிடித்து வேறு விமானம் தேடுவார்கள். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். வேறொரு கம்பெனி விமானம் இரண்டு ஐந்துக்கு இருக்கிறது, மூன்று முப்பத்தைந்துக்குப் போய்விடலாம்.

பையைக் கையில் எடுத்தார். "இது போகாது சார். நீங்களும் இறங்கிடுங்க" என்று திரைச்சீலைக் கடைக்காரருக்கும் புத்தி சொன்னார்.

"நமக்கு என்ன சார் தெரியும். அவங்க சொல்லட்டும், அப்ப இறங்கலாம்" என்றார் அவர்.

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி முடியுமா? வாசலில் நின்ற ஊழியரிடம் அடையாள அட்டையைக் காட்டி, இறங்குவதாக எழுதிக்கொடுத்துவிட்டுக் கடிகாரம் வேகவேகமாக நடந்தார். மற்ற கம்பெனியின் கவுன்ட்டருக்கு வந்தபோது மணி ஒன்று இருபத்தெட்டு. அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரை மூடிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு அஞ்சு ஃபிளைட்டுக்கு ஒரு சீட் வேணும்மா."

"கவுன்ட்டர் மூடியாச்சு சார்."

"விமானம் கிளம்ப இன்னும் முப்பத்தேழு நிமிஷம் இருக்கேம்மா."

"நாப்பத்தஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடியே மூடிடுவோம் சார். டிக்கெட்லயே போட்டிருக்கும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

அவருக்குத் தெரியாது. வேலை நேரச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் இருபத்தாறு வருஷமாகச் சிப்பந்திகள் வாசல் வழியாகவே போய்வந்ததால், பயணிகளின் கவுன்ட்டர் எப்போது மூடும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வந்ததில்லை.

"எட்டு நிமிஷம்தானேம்மா" என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"ரூல் சார்" என்றாள் அந்தப் பெண். கோபமாக அல்ல, பணிவாகத்தான் சொன்னாள்.

அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து நின்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ, செல்போன் அடித்தது. அவருடைய கம்பெனியின் தரைப்பிரிவு மேற்பார்வையாளர் அம்மாள்.

"சார், எங்க இருக்கீங்க? எத்தனை தடவை கூப்பிடறது? விமானம் இப்பதான் கிளம்பிச்சு. உங்களுக்காகக் கதவை அஞ்சு நிமிஷம் மூடாம வெச்சிருந்தாங்க."

"எப்படிக் கிளம்பும்? அவங்க நேரம் முடிஞ்சிருக்குமே."

"கேப்டன் ரெண்டு மணி நேரம் நீட்டிச்சுட்டார் சார். உங்க பக்கத்து சீட்டுக்காரர் பாத்ரூம் பக்கம் எழுந்து வந்தப்ப, உங்க பொண்ணு கல்யாண விஷயத்தைப் பணிப்பெண்கிட்ட சொல்லியிருக்கார். அதைக் கேட்டதும் கேப்டன், 'நம்ம சார் சாட்சிக் கையெழுத்துப் போடணும், யாருக்காவது களைப்பு இருந்தா மறைக்காம சொல்லுங்க'ன்னு ஒவ்வொருத்தரையும் கேக்கச் சொல்லியிருக்கார். எல்லாரும் சரின்னுட்டாங்க. மூணரைக்கு அங்க இறங்கிடும். அடுத்தது ஏழு மணிக்குத்தான் சார், போடட்டுமா?"

"போடுங்கம்மா" என்றார். பதிவு அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

அந்தக் கிசுகிசுப்பு அதற்குத்தானா? நீட்டிக்கச் சம்மதம் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வழியும் இல்லை, அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லையே. அவனைப் பொடியன் என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கப்பட்டு என்ன செய்ய?

மகளுக்குப் போன் போட்டார். விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று மூன்று விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார். மூன்றும் தேவைப்படவில்லை.

"வர முடியலையாப்பா?" என்று அவளே கேட்டாள்.

"சாயங்காலம் ஏழு மணி ஃபிளைட்தான் கிடைச்சிருக்கும்மா. தேதியை நாளைக்கு மாத்தச் சொல்லிக் கேட்டுப் பாரேன். ஒரே ஒரு நாள்."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா, பரவாயில்ல. சித்தப்பா நேத்தே பஸ்ல வந்துட்டார். அவர் கையெழுத்துப் போடுவார். நீங்க மெதுவா வாங்க."

அவருடைய தம்பிக்கு விமானம் என்றாலே பயம். பதினான்கு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்திருக்கிறான்.

"ஆதாரம், அடையாளம் எல்லாம் முன்னாடியே குடுக்கணுமேம்மா. இப்ப திடீர்னு ஆளை மாத்தினா ஒத்துப்பாங்களா?"

"அவர் பேரும் ஏற்கெனவே குடுத்துதான்ப்பா இருக்கு."

"எப்போ குடுத்தே?"

அந்தப் பக்கம் யாரோ சிரிப்பதும், நாற்காலி இழுக்கும் சத்தமும் கேட்டது.  மகள் கொஞ்சம் தணிந்த குரலில், "தேதி குறிச்ச அன்னிக்கேப்பா" என்றாள்.

கடிகாரத்துக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.