பெரிய வீட்டுக்குப் போன முதல் காய்

கத்தரிக்காய் வதக்கலில் தண்ணீர் ஊற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது வதக்கலா, குழம்பா? காயை நீளவாக்கில் அரிந்து, கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போட்டு, பிறகு ஒட்ட வடியவிட வேண்டும். வாணலியில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக் கடுகு, உளுத்தம்பருப்பு, கிள்ளின மிளகாய், கறிவேப்பிலை. காய் அந்த எண்ணெயிலேயே வேக வேண்டும். மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த தூளையும் உப்பையும் போட்டு, ஓரம் முறுகும்வரை கிளற வேண்டும். காரம் மூக்கில் ஏற வேண்டும். என் மருமகள் அரைக் கரண்டித் தூளைப் போட்டுவிட்டு, "போதும் அத்தை, வயிறு எரியும்" என்கிறாள். என் வயிறு எரிவதற்கு வேறு காரணம் இருக்கிறது.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊரில் நாங்கள் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தோம். மாமனார் காலத்திலிருந்து அந்த நிலம் எங்கள் கையில் இருந்தது. வாய்க்காலை ஒட்டிய மேட்டில் நான் கத்தரி வைத்திருந்தேன். நாற்று விட்டது நான், குடத்தில் மொண்டு ஊற்றியது நான், பூச்சிக்குச் சாம்பல் தூவியது நான். புதிய ஆட்சி வந்து, குத்தகைக்காரர் பேரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. பதிவாகிவிட்டால் எங்களை யாரும் அவ்வளவு சுலபமாகக் கிளப்ப முடியாது. ஆகாவிட்டால் நிலம் போச்சு.

நிலத்துக்காரரை ஊரில் பெரிய வீட்டுக்காரர் என்போம். ஆட்சி மாறியதும் அவர் தோள்துண்டின் கரையும் மாறியது. உழுகிறவனுக்கே நிலம் என்று மேடையில் பேசினால் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். வீட்டுக்குப் போய், நாங்கள் குத்தகைக்காரர்களே இல்லை, கூலிக்கு வேலை செய்கிற பண்ணையாட்கள் என்று மனு எழுதிப் போட்டார்.

மறுநாள் விசாரணைக்கு அதிகாரி வருகிறார் என்று தலையாரி வந்து சொன்ன காலையில்தான் நான் முதல் காய் பறித்திருந்தேன். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குத்தகை நிலத்தில் எது காய்த்தாலும் முதல் பறிப்பில் ஒரு கூடை நிலத்துக்காரர் வீட்டுக்குப் போகும். குத்தகை நெல்லில் அதற்காக ஒரு படியும் குறையாது. சும்மா ஒரு மரியாதை. என் வீட்டுக்காரர் கூடையைத் துடைத்து, சொத்தையில்லாத காயாகப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினார்.

"இந்த வருஷம் வேணாங்க. நம்மள வெளிய தள்ளப் பாக்குறவங்களுக்கு என்னத்துக்குக் காயி?" என்றேன்.

"அது வேற, இது வேற. வழக்கத்த விட்டா நம்ம மேலதான் தப்புன்னு ஆயிரும்."

"ஆவட்டுமே."

"நீ சும்மா இரு புள்ள."

கொல்லை வழியாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். காய் பிஞ்சாக இருக்கிறது என்று அந்த வீட்டு அம்மா சொன்னார்களாம். அதில் அவருக்குச் சந்தோஷம் வேறு. வெறுங்கூடையை அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

மறுநாள் அதிகாரி பெரிய வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வயலுக்கு வந்தார். ஊருக்கு வருகிற அதிகாரிக்கு வேறு எங்கே இலை போடுவார்கள்? நாங்கள் வரப்பில் நின்றோம். சாட்சி சொல்லப் பக்கத்து வயல்காரர்களும் வந்திருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் என் கத்தரிச் செடிகளைக் கைகாட்டினார்.

"இப்பச் சாப்பிட்டீங்களே வதக்கல், அது இந்தக் காய்தான் சார். நேத்து இவனே பறிச்சுக் கொண்டாந்து வச்சான். தனக்குன்னு பயிர் வைக்கிறவன் ஏன் எங்க வீட்டுக்குக் கொண்டாறான்? அவனையே கேளுங்க."

அதிகாரி கேட்டார்.

"ஆமாங்க, நான்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அய்யா, அதே காய்ல பக்கத்து வீட்டுக்கும் எதுத்த வீட்டுக்கும் நான் குடுத்தேங்க. அப்ப நாங்க அவங்களுக்கும் பண்ணையாளா? இந்தா நிக்கிறாங்களே, யாரு உழுதான்னு இவங்களக் கேளுங்க" என்றேன்.

பக்கத்து வயல்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் உழுததும் பெரிய வீட்டு நிலம்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆத்திரம் ஆறவில்லை. என் காயை வாங்கித் தின்ற ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஆம்பளைங்க பேசறப்ப நீ குறுக்க வராதம்மா" என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு ஏப்பம் விட்டார்.

பதிவு கிடைக்கவில்லை. மேலே முறையிடலாம் என்று விவசாயச் சங்கத்துக்காரர்கள் வீடு தேடி வந்து சொன்னார்கள். பெரிய இடத்துப் பொல்லாப்பு வேண்டாம் என்று இவர் அனுப்பிவிட்டார்.

தீர்ப்பு தெரிந்த மறுநாள் வீட்டில் சமைக்கக் காய் இல்லை. "ரெண்டு காய் பறிச்சிட்டு வரேன்" என்று பழக்கதோஷத்தில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு இவர் கிளம்பினார். நானும் அதே பழக்கதோஷத்தில் அடுப்பை மூட்டினேன். கூப்பிடு தூரம்தானே, வந்துவிடுவார் என்று எண்ணெயும் ஊற்றிவிட்டேன். கடுகு வெடித்தது, மிளகாய் சிவந்தது, கறுத்தது, ஆளைக் காணோம். வீடெல்லாம் நெடி. இருமிக்கொண்டே வாசலுக்கு வந்தால் வெறும் துண்டோடு நின்றார்.

"காய் எங்க?"

"பெரிய வீட்டு ஆளு அங்க காவலுக்கு நிக்கிறான். பறிச்சதக் கீழ போடச் சொல்லிட்டான். இனிமே அவங்களக் கேட்டுத்தான் பறிக்கணுமாம்."

நான் வைத்த செடி. அவர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, கருகிய வாணலியைப் பார்த்துவிட்டு இலையின் முன் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மோர ஊத்து. நாளைக்கு அவங்களக் கேட்டுட்டே பறிச்சிட்டு வரேன்" என்றார்.

மோர் ஊற்றினேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிவிட்டது. அந்த ஒரு பேச்சுக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.