வடக்கே தலை வைக்காத போத்தல்

சென்ற மாதம் ஆக்லாந்தின் ஆல்பனியில் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசாரம். சமோசா, சீஸ், பிஸ்கட்டுகளுக்கு நடுவே மேலாளர் ஒரு பிரெஞ்சு ஒயின் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். லேபிளில் ஒரு மாளிகை, இரும்புக் கதவு, கதவு வரை நீளும் திராட்சைக்கொடி வரிசைகள். படிக்கிற காலத்தில் ஒயின் கிடங்கில் வேலை பார்த்தவன் என்பதால் நான்தான் திறக்க வேண்டுமென்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். மணிக்கட்டு வலிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சமோசாத் தட்டோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். அந்த மாளிகையை எனக்குத் தெரியும். பிரான்ஸ் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை, ஆனாலும் தெரியும்.

பாட்டிலைப் போத்தல் என்கிறேனே, நான் திருச்சிக்காரன்தானா என்று நீங்கள் சந்தேகப்படலாம். அந்தச் சொல் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியிலிருந்த அந்த ஒயின் கிடங்கில் என்னோடு ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டு ஒயின்களை இறக்கி விற்கும் கம்பெனி அது. அம்மாவிடம் பழரசக் கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தேன். அம்மாவும் ஊரெல்லாம் அப்படியே சொல்லி, ‘பையன் உடம்புக்கு நல்லது’ என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்தாலே நனைந்த அட்டையும் புது மரப்பெட்டியும் கலந்த ஒரு வாசம் வரும். இன்றைக்கும் எங்காவது தளவாடக் கடையில் பைன் பலகை அறுத்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் யோகன் அண்ணா. யாழ்ப்பாணத்துக்காரர். நியூசிலாந்துக்கு அவரைக் கல்யாணம் கொண்டுவந்தது. அதற்குமுன் சில வருடங்கள் பிரான்சில் இருந்தார். போர்தோவிலிருந்து பெட்டிகள் வந்தால் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, மரத்தில் சூடுபோட்டிருக்கும் பெயரைத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் அந்த மாளிகைப் பெட்டி வந்தது.

“உது நான் முந்திரிப்பழம் வெட்டின தோட்டம், தம்பி,” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். முதலில், அவர்கள் ஊரில் திராட்சையைத்தான் முந்திரிப்பழம் என்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது, ராஜாக்களும் கோடீஸ்வரர்களும் வரிசையில் நிற்கும் ஒயின் அது. கிடங்கில் அதற்கென்று பூட்டுப்போட்ட கம்பிக்கூண்டே இருந்தது.

பிறகு தேநீர் இடைவேளைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். போர்தோவுக்கு வடக்கே, மெதோக் என்கிற பகுதி. மண்ணே இல்லை, எல்லாம் கூழாங்கல். பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு கல்லெல்லாம் சாயங்காலம் வரை சுடும். ஒவ்வொரு வரிசை முனையிலும் ஒரு ரோஜாச் செடி. தோட்டம் முடிகிற இடத்தில் கரை தெரியாத ஆறு, கலங்கிய பழுப்புத் தண்ணீர். அவர் சொல்லச் சொல்ல நான் வெள்ளம் வந்த காவிரியை அங்கே கொண்டுபோய் ஓடவிட்டுக்கொண்டேன். பிரான்ஸ்காரர்கள் மன்னிக்கட்டும்.

அவரோடு அந்த அறுவடைக்குத் தம்பி சேந்தனும் போயிருந்தான். அண்ணன் குனிந்து குலை வெட்ட, தம்பி முதுகில் கூடையோடு வரிசைகளுக்குள் ஓடுவானாம். ரோஜாவைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டு மேற்பார்வைக்காரரிடம் திட்டு வாங்குவானாம். அறுவடை முடிந்ததும், இங்கிலாந்தில் இருக்கும் மாமாவிடம் போகிறேன் என்று வடக்கே புறப்பட்டான். கடல் தாண்டும் லாரிகளில் ஒளிந்து ஏறுகிற ஏதோ ஒரு கரையோர ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. “லொறி கிடைச்சிட்டுது அண்ணா, போய்ச் சேந்திட்டு எடுக்கிறன்.” அதற்குப் பிறகு அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. மாமா காத்திருந்தார், யோகன் அண்ணா மருத்துவமனைகளிலும் காவல் நிலையங்களிலும் ஏறி இறங்கினார், ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது கேளுங்கள். சில வருடங்கள் கழித்து, அந்த அறுவடை ஆண்டின் ஒயினே எங்கள் கிடங்குக்கு வந்தது. ஒரு போத்தலின் லேபிள் ஈரத்தில் பாதி கிழிந்திருந்ததால், வாங்குகிறவர் வேண்டாம் என்றுவிட்டார். முதலாளி, ஹெண்டர்சன் என்கிற புறநகர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக் குடும்பத்துக் கிழவர். யோகன் அண்ணா அதன் முன்னால் நின்ற கோலத்தை அவர் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, எடுத்துக்கொண்டு போ என்று கையை அசைத்தார்.

“அவன்ட கை பட்ட பழம், தம்பி. இதுக்குள்ளதான் இருக்குது,” என்று ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார் அண்ணா.

த்ரீ கிங்ஸ் பகுதியில் அண்ணா குடும்பத்துடையது பழைய மரவீடு. ஆக்லாந்தின் பழைய வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியே நின்றால் உள்ளேயைவிடக் கதகதப்பாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்த அண்ணாவின் அம்மாவும் அவர்களோடு இருந்தார். போத்தல் யாருடையது என்று மகன் சொன்னதும், அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். நானும் என் பங்குக்குத் தொழில் ஞானத்தைக் காட்டினேன். நிறுத்தி வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும், இருட்டு வேண்டும், மூடி இருக்கிறவரை உள்ளே அது மாறிக்கொண்டே இருக்கும், அதற்கு உயிர் உண்டு என்பார்கள் என்றெல்லாம் அளந்தேன்.

அம்மா தன் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கினார். அண்ணா போத்தலைப் படுக்க வைத்தார்.

“வடக்க தலை வையாதை,” என்றார் அம்மா. அவரே போத்தலைத் திருப்பி, கழுத்தைத் தெற்கே வைத்து, மேலே ஒரு நூல்சேலையைப் போர்த்திவிட்டார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சேந்தனுக்கு அந்த வீட்டில் படம் மாட்டவில்லை, திவசம் கொடுக்கவில்லை. அண்ணாவுக்கு அது நெஞ்சில் கிடந்து அறுத்தது. தம்பி எங்கோ தண்ணீரில் கரையேறாமல் அலைகிறான் என்று கனவு கண்டு எழுவதாகச் சொல்வார். ஒருமுறை அம்மாவிடம் கேட்டே விட்டார். “அந்தப் போத்தலை உடைச்சுப் படைச்சு, அவன்ட காரியத்தைச் செய்து முடிப்பம் அம்மா.” அம்மா குரலை உயர்த்தவில்லை. “அவன் வந்து திறக்கட்டும்.” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் போகிறபோதெல்லாம் ரோலும் தேநீரும் தந்துவிட்டு, மெல்லக் கேட்பார்: “இன்னும் எவ்வளவு காலம் கிடக்கும் தம்பி?” நல்ல வருடத்து ஒயின், ரொம்ப நாள் இருக்கும் அம்மா என்பேன். அவர் முகம் தெளிந்துவிடும். எனக்குப் படிப்பு முடிந்து வேலை கிடைத்து, கல்யாணமாகி, வீட்டு மார்ட்கேஜ் கட்டத் தொடங்கிய பிறகும் அதே கேள்வி, அதே பதில்.

பிறகு அம்மா போய்விட்டார். முப்பத்தோராம் நாள் காரியமான அந்தியேட்டி அன்று மத்தியானம், ஐயர் புறப்பட்டதும், யோகன் அண்ணா அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படத்தைக் கொண்டுவந்து வைத்தார். காதில் ரோஜாவோடு ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். “இஸ் தட் சித்தப்பா?” என்று கேட்டாள் அண்ணாவின் மகள். அவள் அதுவரை அவனைப் பார்த்ததே இல்லை. அண்ணா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சேலைக்குள்ளிருந்து போத்தலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பழுதாப் போயிருக்கும் என்ன?” என்றார். “பழுதாப் போயிருந்தா நல்லம் தம்பி. மனசு ஆறிடும்.”

நானும் அப்படித்தான் வேண்டிக்கொண்டேன். தக்கை துண்டு துண்டாகத்தான் வந்தது. கழுத்தைத் துடைத்துவிட்டு மூக்கைக் கொண்டுபோனேன். புளிப்பே இல்லை. பழவாசம், மழை பெய்த மண், பிறகு மெல்ல, நம்பினால் நம்புங்கள், ஒரு பூவாசம். வெயில் படாத, கணப்பு இல்லாத அந்த அறைக் குளிரில் அம்மா அதை அப்படிக் காத்து வைத்திருந்தார். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

“நல்லா இருக்குண்ணா.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு தம்பியின் படத்தைப் பார்த்தார். ஒயினைப் படைப்பதற்காகப் படத்துக்கு முன்னால் வைத்திருந்த வெறும் கிண்ணத்தை அவசரமாக எடுத்து ஓரமாக வைத்தார்.

“அப்ப மூடும் தம்பி,” என்றார். “கெதியா மூடும்.”

எதை வைத்து மூடுவது? தக்கை மேசையில் தூளாகக் கிடந்தது. அவரே சமையலறைக்கு ஓடிப்போய், சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாளைக் கொண்டுவந்து போத்தலின் வாயைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கினார். இனிப் படுக்க வைக்கவும் முடியாது. அலுமாரிக் கதவைத் திறந்து, உள்ளே நிறுத்தி வைத்தார். சேந்தனின் படத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். அம்மா மட்டும் தனியாக மாலையோடு இருந்தார். நாங்கள் சாப்பிட்டோம்.

அந்த மரவீடு இப்போது இல்லை. அண்ணா குடும்பத்தோடு பிரிஸ்பேன் போய்விட்டார், வீட்டை இடித்து அதே காணியில் வரிசையாக டவுன்ஹவுஸ் கட்டிவிட்டார்கள். கிடங்கும் கைமாறி, அங்கே இப்போது சோபா விற்கிறார்கள். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான், இதற்காக நான் உங்களைப் பிடித்து உட்காரவைக்கவில்லை.

அந்தியேட்டி முடிந்த மூன்றாம் நாள் அண்ணா என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அலுவலகத்துக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து எடுத்தேன். காலையும் மாலையும் அலுமாரியைத் திறந்து மணந்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததாம்.

“இண்டைக்கு ஒரு வாசமும் இல்லை, தம்பி,” என்றார். “ஐயரை வரச்சொல்லிப் போட்டன்.”