சித்திக்கு ஒரு கவுன்

அந்தப் பொம்மைப் படத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, திருச்சியில் வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனால், படம் முழுக்கப் பாட்டு! ராஜகுமாரியைக் கரடி துரத்தும். ஓடித் தொலையாமல் நின்று பாடுவாள். அழுதால் பாட்டு, சிரித்தால் பாட்டு. அதுவும் இங்கிலீஷில். எனக்கு எட்டு வயது. ஒரு மண்ணும் புரியவில்லை.

கூட்டிப்போன சித்தி பி.ஏ. கடைசி வருஷம். அவளுக்கு வரன் வந்திருந்தது. பெண் பிடித்தால் தை மாதமே கல்யாணம், அதோடு படிப்பு போதும் என்று பிள்ளைவீட்டில் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

படத்திலும் கல்யாணம்தான். ராஜகுமாரிக்குப் போட்டுவிட்ட பட்டு உடையையும் நகையையும் அவள் பிய்த்தெறிந்துவிட்டு, ஒரு கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, வேறென்ன, பாடினாள். திரும்பிப் பார்த்தால் சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். பொம்மைக்காக யாராவது அழுவார்களோ! எனக்கு மானம் போயிற்று.

"என்னதான் பாடறா அவ?"

"இந்தப் பட்டுக்குள்ள இருக்கறது நான் இல்லைங்கறாடி." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நேக்கும் ஒரு கவுன் வேணும். போட்டுக்காமலே போயிடுவேன் போலிருக்கு" என்றாள்.

ஏழு கழுதை வயசில் கவுனா! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். சித்தி அரக்குப் பட்டில் நமஸ்காரம் பண்ணினாள், ஒரு பாட்டுப் பாடினாள். உள்ளே போகச் சொன்னார்கள், போகவில்லை. பிள்ளையின் அம்மாவைப் பார்த்து, "மாமி, நான் ஒண்ணு கேக்கணும்..." என்று ஆரம்பித்தாள். பிறகு தலைப்பை முறுக்கினாளே தவிர வார்த்தை வரவில்லை. என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவளுக்குக் கவுன் வேணுமாம் மாமி! சினிமாக் கொட்டகையில அழுதா!"

கூடமே கொல்லென்று சிரித்தது. "அதுக்கென்ன, தைச்சுப் போட்டுட்டாப் போறது" என்றாள் மாமி. அந்தச் சிரிப்போடு தாம்பூலமும் மாற்றிக்கொண்டார்கள். சித்தி உள்ளே போய்விட்டாள்.

பட்டம் வாங்குகிறவர்கள் கறுப்புக் கவுன் போட்டுக்கொள்வார்கள் என்பதும், பரீட்சை முடிகிறவரை பொறுக்கச் சொல்லத்தான் அவள் அன்று நின்றாள் என்பதும் எனக்கு எங்கே தெரியும்? மாமி வேடிக்கைக்காக ஒரு ரோஸ் கவுன் தைத்து அனுப்பினாள், என் அளவில். கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொண்டு மண்டபம் முழுக்கச் சுற்றினேன். முதுகுப்பக்கம் எனக்குக் கை எட்டாது. கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டது, கூறைப்புடவையில் இருந்த சித்திதான்.