வலது முன்னங்கால்

நம்புகிறவர்கள் நம்புங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. புத்தூரில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பெயர் கோவர்த்தனன். கல்யாணம், காதுகுத்து போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரேஸ் குதிரைகளைப் படம் எடுப்பது. இது போன ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை, சாயங்காலம் 5.25-க்கும் 6.10-க்கும் நடுவில் நடந்தது. நல்ல வெளிச்சம் இருந்தது. நான் குடிக்கிறவன் இல்லை.

அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும்.

பெரிய ரேஸுக்கு முன்னால் குதிரைகளை வேலி போட்ட ஒரு வட்டத்துக்குள் நடத்திக் காட்டுவார்கள். பேடக் என்று பெயர். பந்தயம் கட்டுகிறவர்கள் வேலிக்கு வெளியே நிற்பார்கள். நான் உள்ளே, நடுவில் நிற்பேன். குதிரையைப் பிடித்து நடத்துகிறவருக்கு சைஸ் என்று பெயர். அவர் குதிரையின் இடது பக்கம் நடப்பார். வட்டத்தின் நடுவிலிருந்து பார்த்தால் குதிரையின் வலது பக்கம் முழுசாகத் தெரியும். சைஸ் அந்தப் பக்கம் மறைந்துவிடுவார். நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தால் குதிரை காதை நிமிர்த்தும். அந்த நொடியில் எடுக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு பெரிய ரேஸ். எந்த ஊர் மைதானம் என்று சொல்ல மாட்டேன். சித்தூர் கிருஷ்ணப்பாவின் குதிரை ஓடுகிறது. ஒரு பெண் குதிரை. கொட்டிலில் எல்லோரும் சிட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அதன் சைஸ் ரங்கையா. சத்தியவேட்டுக்காரர், நாயுடுபேட்டையில் குடியிருந்தார். ஆறு வருஷம் அந்தக் குதிரையோடுதான் படுக்கை, சாப்பாடு எல்லாம்.

மூன்றாவது சுற்றில் அவர் என் எதிரில் வந்ததும் குதிரையை நிறுத்தினார்.

"சார், வலது முன்னங்காலை ஒரு போட்டோ புடி. காலைலேர்ந்து சுடுது. நான் சொன்னா யாரும் காதுல வாங்கல. நீ படத்தக் காட்டுனா டாக்டரு நம்புவாரு."

லென்ஸில் இழுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே லேசான வீக்கம். அந்தக் காலை ஊன்றும்போதெல்லாம் குதிரை தலையை மேலே தூக்கியது. வலிக்கிற குதிரை அப்படித்தான் செய்யும். பத்து வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியும். படம் எடுத்தேன். குதிரை டாக்டர் இருபதடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

அப்போது கிருஷ்ணப்பா வந்தார்.

"ஏம்பா கோவர்த்தன், கேமராவுல எப்பிடி தெரியுறா நம்ம பொண்ணு?"

"சூப்பரா இருக்கா சார்."

அவ்வளவுதான் சொன்னேன். பேடக்குக்குள் நிற்க எனக்கு அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அவர். அவர் முகம் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ரங்கையா என்னைப் பார்த்தார். நான் வேறு குதிரையின் பக்கம் கேமராவைத் திருப்பினேன்.

கடைசித் திருப்பத்தில் சிட்டி விழுந்தாள். கால் இரண்டாக முறிந்திருந்தது. ஜாக்கிக்குத் தோள் எலும்பு போயிற்று. சுற்றிலும் பச்சைத் துணி பிடித்து, அதற்குள்ளேயே ஊசி போட்டு முடித்துவிட்டார்கள். ரங்கையா வெறும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் படத்தை அழித்தேன்.

பிறகு ரேஸ் கிளப்பில் விசாரித்தார்கள். "காலில் கோளாறு இருப்பதாக சைஸ் உங்களிடம் சொன்னாராமே?" என்று கேட்டார்கள். "ஞாபகம் இல்லை" என்றேன். குதிரையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ரங்கையாவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருடைய நம்பர் என் போனில் இருந்தது. ஆறு மாதம் அது அப்படியேதான் கிடந்தது.

ஆகஸ்டில் கிருஷ்ணப்பா போன் செய்தார். புதுக் குதிரை ஒன்று வாங்கியிருக்கிறார். அடுத்த வாரம் பெரிய ரேஸில் ஓடப்போகிறது. வியாழக்கிழமை தோட்டத்துக்கு வந்து படம் எடு என்றார்.

அவர் தோட்டம் பாகாலா பக்கம், மாந்தோப்புகளுக்கு நடுவில். திருப்பதி வழியாக பைக்கில் போனேன். போய்ச் சேர்ந்தபோது மணி 5.25. கேட் திறந்தே கிடந்தது. வாட்ச்மேன் சீனு இல்லை. வீடு பூட்டியிருந்தது.

தோப்புக்குப் பின்னாலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது.

அங்கே குதிரைகளை நடத்த ஒரு மண் வட்டம் உண்டு. எனக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு செம்பழுப்புக் குதிரை சுற்றிக்கொண்டிருந்தது. வலது முன்னங்கால் மட்டும் முழங்கால் வரை வெள்ளை. சைஸ் அந்தப் பக்கம் மறைந்து நடந்தார். வயிற்றுக்குக் கீழே அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. செருப்பு இல்லை.

நடுவில் போய் நின்று கேமராவை எடுத்து ஆறேழு படம் பிடித்தேன். 5.38.

நாக்கைத் தட்டினேன். குதிரை காதைத் திருப்பவில்லை.

இன்னொரு முறை தட்டினேன். ம்ஹூம்.

அப்போதுதான் சத்தத்தைக் கவனித்தேன். டக்... டக்... டக்... ஒரு இடைவெளி. மறுபடி டக்... டக்... டக்... இடைவெளி. நாலாவது சத்தம் வரவே இல்லை. குதிரைக்கு நாலு கால்களும் இருந்தன. நாலும் தரையைத் தொட்டன.

காய்ந்த மண். தூசி எழவில்லை.

"அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன்.

குதிரை நிற்காமல் சுற்றியது.

பாதங்களைப் பார்த்தேன். இடது பாதம் முழுசாக ஊன்றியது. வலது பாதம்... விரல் நுனி மட்டும்.

5.49. குதிரை நேராக என் எதிரில் வந்து நின்றது.

மூச்சு விடவில்லை. வயிறு ஏறி இறங்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. மெதுவாக.

"காலை எடு சார்."



"ரங்கையாண்ணா...?"

"இந்த வாட்டியாவது காட்டு சார்."

அழுத்தினேன். ஒரே ஒரு படம்.

கேட் பக்கம் லாரி ஹாரன். திரும்பினேன்.

மறுபடி பார்த்தபோது...

வட்டம் காலி.

மண்ணில் என் ஷூ தடம் மட்டும்.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. சீனு வந்து தோளைத் தொட்டபோது கத்திவிட்டேன். மணி 6.10. அவனும் கிருஷ்ணப்பாவும் குதிரை டாக்டர் ஹரிபிரசாத்தும் குதிரையைக் கூட்டிவரப் போயிருக்கிறார்கள். லாரியிலிருந்து பலகை வழியாகக் குதிரையை இறக்கினார்கள்.

செம்பழுப்பு. வலது முன்னங்கால் முழங்கால் வரை வெள்ளை.

கேமராவைத் திறந்து பார்த்தேன். நான் எடுத்தது ஏழெட்டுப் படங்கள். இருந்தது ஒன்றுதான். அந்தக் கால். முழங்காலுக்குக் கீழே லேசாக வீங்கியிருந்தது.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது எப்ப எடுத்தே? குதிரை இப்பதானேய்யா எறங்குது!" என்றார் கிருஷ்ணப்பா.

"சார், அத அப்புறம் கேளுங்க. மொதல்ல கால பாருங்க."

"நல்ல நாளும் அதுவுமா ஏதாவது அபசகுனமா பேசாத. காலையிலதான் எல்லாத்தையும் பாத்து லாரியில ஏத்தினோம்."

சொல்லிவிட்டேன். பிப்ரவரியில் ரங்கையா சொன்னது, நான் படம் எடுத்தது, அழித்தது, விசாரணையில் பொய் சொன்னது, எல்லாவற்றையும். கிருஷ்ணப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டார். "இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் திருப்பதியில் அந்தக் காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் மயிர் இழை மாதிரி ஒரு விரிசல். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். வீக்கம்கூட இல்லையாம். ஓடியிருந்தால் நடு ரேஸில் முறிந்திருக்கும் என்று டாக்டர் போனில் சொன்னார். குதிரையை ஓடவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாயுடுபேட்டைக்குப் போனேன். ரங்கையாவின் காலில் விழ வேண்டும் என்றுதான் போனேன். அவர் மனைவி வெங்கடம்மா கதவைத் திறந்தார். உள்ளே படம் மாட்டி, மாலை போட்டிருந்தது.

"வியாழக்கெழமதான் பதினோராம் நாள் காரியம் முடிச்சோம். நீங்க யாரு?"

"அவரோட... வேல பாத்தவன்க்கா. உடம்புக்கு என்ன ஆச்சு?"

"தெர்ல சார். வேலய வுட்டு வந்ததுலேர்ந்து படுக்கவே மாட்டாரு. பாய் போட்டா காலால தள்ளிடுவாரு. செவுத்துல சாஞ்சுக்கினு நின்னுக்கினேதான் தூங்குவாரு. வேளைக்கு ரெண்டு வாய் துன்னா அதிகம். டாக்டரு ஒண்ணும் இல்லன்னாரு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கி காலைல டீ எடுத்துக்கினு போயி கூப்ட்டேன். தூங்கறாருன்னுதான் நெனச்சேன். கையத் தொட்டா சில்லுனு இருந்துச்சு..."

சுவர்ப் பக்கம் கையை நீட்டினார்.

"ராத்திரியே உசுரு போயிட்ச்சாம். ஆனா வுழவே இல்ல சார். அப்பவும் நின்னுக்கினுதான் இருந்தாரு."